கோவையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

கூகுளில் தட்டினால் தூரம் ஒரு நொடியில் வந்துவிடும். கோவை விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 14,240 கிலோமீட்டர். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஈரோட்டில் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும், அங்கே மகன் எத்தனை மணிக்கு வண்டி எடுத்து வர வேண்டும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் "பறக்கும் நேரம் 16 மணி" என்று போட்டிருப்பதை நம்பிப் புறப்பட்டால், பயணம் 31 மணி நேரம் ஆகும்போது எங்கே தப்பு என்று தெரியாது. தூரம் ஒரு கணக்கு, பறக்கும் நேரம் இன்னொன்று, வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரம் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கோவையையும் சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கொங்குப் பக்கத்துப் பெற்றோர் நிறையப் பேர் போய்வரும் தடம் இது. இரண்டு ஊரும் பூமியின் இரு வேறு புறங்களில் இருப்பதால் வரக்கூடிய குழப்பம் அத்தனையும் இதிலேயே வந்துவிடும். முறை தெரிந்துவிட்டால் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ மெல்போர்னுக்கோ எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: நேர்த் தூரம்

பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடும், அதில் போடும் நேர்கோடு உண்மையில் குறுக்குவழி அல்ல. பூமி உருண்டை மாதிரி ஒன்றை எடுத்து, ஒரு முழம் நூலைக் கோவைமேல் பிடித்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோமேல் வைத்து இழுங்கள். நூல் விறைப்பாக நிற்கும் இடம்தான் மிகக் குறுகிய வழி. அது பசிபிக்கை நோக்கிக் கிழக்கே போகாது, அரபு நாடுகள் வழியாக மேற்கேயும் போகாது. கோவையிலிருந்து கொஞ்சம் கிழக்குச் சாய்வோடு வடக்கே ஏறி, திபெத், சைபீரியா எல்லாம் தாண்டி, ஏறக்குறைய 71 பாகை (டிகிரி) வடக்கு வரை போய், அலாஸ்கா பக்கமாக இறங்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூலின் நீளம் 33.5 செ.மீ. வரும். அந்த அளவு உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. பெருக்கினால் 14,240-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

துல்லியமாக வேண்டுமென்றால் கைபேசிக் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்புங்கள். சைன், கோசைன் பொத்தான்கள் தெரியும். தேவையான எண்கள் இவை:

கோவை: அட்சரேகை 11.03 வடக்கு, தீர்க்கரேகை 77.04 கிழக்கு.
சான் பிரான்சிஸ்கோ: அட்சரேகை 37.62 வடக்கு, தீர்க்கரேகை 122.38 மேற்கு.

1. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1913 × 0.6104 = 0.1168.
2. இரண்டின் கோசைன் மதிப்புகளையும் பெருக்குங்கள்: 0.9815 × 0.7921 = 0.7775.
3. தீர்க்கரேகை வித்தியாசம். மேற்கு என்றால் கழித்தல் குறி, ஆகவே 77.04 − (−122.38) = 199.42. இதன் கோசைன் −0.9431.
4. இரண்டாவதில் வந்ததையும் மூன்றாவதில் வந்ததையும் பெருக்கினால் −0.7332. அதோடு முதலாவதைக் கூட்டினால் −0.6164.
5. இதற்குத் தலைகீழ்க் கோசைன் போட்டால் 128.05 பாகை.
6. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 14,240 கி.மீ.

பூமி துல்லியமான பந்து இல்லை, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அதனால் அரை சதவீதம் வரை முன்னே பின்னே போகலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

தப்பு வருவது மூன்று இடத்தில். கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும், பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில வரைபடங்களில் இடத்தைப் பாகை, கலை என்று கொடுத்திருப்பார்கள். 11 பாகை 2 கலை என்பது 11.02 அல்ல, 2-ஐ 60-ஆல் வகுத்து 11.03. மூன்றாவது, மேற்குக்கான கழித்தல் குறியை விட்டுவிடுவது. அப்படி விட்டால் விடை 5,390 கி.மீ. என்று வரும். கணக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கும், ஆனால் நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் சீனாவின் சாண்டோங் கரையை ஒட்டிய கடல்.

இரண்டாம் படி: எந்த ஊர் வழியாக?

கோவையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர்விமானம் கிடையாது. பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை மூவாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 15, 16 மணி நேரத்துக்கான எரிபொருளை ரொப்பிக்கொண்டு ஆளையும் பெட்டியையும் முழுசாக ஏற்றிய பெரிய விமானம் அதில் எழும்புவது கடினம். ஓடுபாதை நீண்டாலும், தினமும் 200, 250 பேர் ஒரே ஊருக்குப் போக இருந்தால்தான் நிறுவனங்கள் வரும். ஆக எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். மாறும் ஊர் பாதையைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க, மேலே போட்ட கணக்கையே இரண்டு துண்டாகப் போடுங்கள்.

பெங்களூரு: 250 + 13,990 = 14,240. ஒரு கிலோமீட்டர்கூடச் சுற்று இல்லை. தேவனஹள்ளி விமான நிலையம் அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.
டெல்லி: 1,950 + 12,380 = 14,330. சுற்று வெறும் 90 கி.மீ.
சிங்கப்பூர்: 3,165 + 13,590 = 16,755. சுற்று 2,500 கி.மீ.
கொச்சி, துபாய்: சாலையில் 170, பிறகு 2,780 + 13,040. மொத்தம் 15,990.

"அமெரிக்கா போறதுக்கு எதுக்குங்க டெல்லி வரைக்கும் வடக்கே போகணும்?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. போகிற வழியே வடக்குத்தான்.

ஆனால் 2,500 கி.மீ. சுற்று என்றதும் சிங்கப்பூரைத் தள்ளிவிட வேண்டாம். அடுத்த படியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: பறக்கும் நேரம்

நீண்ட தூர ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் முதல் சான் பிரான்சிஸ்கோ 13,590 ÷ 900 = 15.1, அதோடு அரை மணி. ஆகப் பதினைந்தரை மணிக்கு மேல் கொஞ்சம். அட்டவணையிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மூவாயிரம் கி.மீ.க்குக் குறைந்த தடங்களில் ஏறி இறங்குவதே பெரும்பங்கு என்பதால், 800-ஆல் வகுத்தால் சரியாக வரும்.

இங்கேதான் காற்று உள்ளே வருகிறது. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இன்னும் பலம். கிழக்கே போகும்போது அது முதுகில் தள்ளும், மேற்கே வரும்போது மூஞ்சியில் அடிக்கும். பசிபிக் தடங்களில் போக ஒரு நேரம், வர ஒன்று இரண்டு மணி கூடுதல் என்று வருவது இதனால்தான்.

இதற்கு நல்ல சாட்சி ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம். 2015 டிசம்பரில் தொடங்கியபோது அது மேற்கே திரும்பி அட்லாண்டிக் வழியாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தார்கள். தூரம் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது, முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

இன்னொன்று மூடிய வான்வெளி. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தை அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. ஆகவே ஒரே இரு ஊர்களுக்கு நடுவே எந்தக் கம்பெனி விமானம் என்பதைப் பொறுத்தும் நேரம் மாறும். நூல் காட்டும் பாதையில் எல்லோரும் போக முடியாது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், அந்த விமான எண்ணைப் பறப்பைக் காட்டும் செயலிகளில் தேடி, கடந்த ஒரு வாரம் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அட்டவணையைவிட அதுதான் நம்பகம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். டெல்லி வழி: 3 + 16 = 19 மணி (இரண்டாவது துண்டு வெறும் தூரக் கணக்கில் பதினாலு சொச்சம்தான், நூல் பாதையில் போக முடியாததால் 16). சிங்கப்பூர் வழி: சுமார் 4 மணி 20 நிமிடம், பிறகு பதினைந்தரை, ஆக 20-க்குப் பத்து நிமிடம் குறைவு. 2,500 கி.மீ. சுற்றுக்குக் கூலி வெறும் 50 நிமிடம். எனவே தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்வு செய்வது வீண். முடிவு செய்வது நடுவில் காத்திருக்கும் நேரம்.

பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 2021 ஜனவரியில் நேர்விமானம் வந்தது, முதல் பயணத்தில் முழுக்கப் பெண் விமானிகள். அது தொடர்ந்து ஓடியதில்லை, இப்போது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் மாதத்தில் இருந்தால் சேலம், நாமக்கல், தர்மபுரிக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. சேலத்திலிருந்து தேவனஹள்ளி சாலையில் சுமார் 235 கி.மீ.

நான்காம் படி: இணைப்பு நேரம்

அதிகமாகச் சறுக்குவது இந்தப் படியில். முதலில் கேட்க வேண்டியது, எல்லாப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் இருக்கிறதா?

ஒரே சீட்டு என்றால் கோவையிலேயே பெட்டியைச் சான் பிரான்சிஸ்கோ வரை தாட்டி விட்டுவிடலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றி விடுவது நிறுவனத்தின் பொறுப்பு. டெல்லியில் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் என்றால் நாட்டுக்குள்ளே நுழையாமலே மாறலாம், இரண்டு மணி போதும். அமெரிக்கா போகும் விமானங்களுக்குச் சில இடங்களில் வாயிலிலேயே இன்னொரு முறை பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே வாயிலில் இருக்க வேண்டும். கைப்பையில் 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் சந்தேகம் வரும். ஈரோட்டு மஞ்சள்பொடி, கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

தனித்தனிச் சீட்டு என்றால் கதையே வேறு. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான். அமெரிக்க விமானத்தில் இரண்டு பெட்டி, தலா 23 கிலோ கொடுப்பார்கள். 46 கிலோவோடு கோவையில் நின்றால் 31 கிலோவுக்குத் தனிக் காசு, அது சில நேரம் சீட்டு விலையையே தொட்டுவிடும். டெல்லியில் பெட்டியை எடுத்து, முனையம் மாற வேண்டியிருந்தால் மாறி, மறுபடி கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் யாரும் பொறுப்பில்லை. குறைந்தது ஆறு மணி இடைவெளி, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லிப் பனிமூட்டத்தை நினைத்து எட்டு மணி. முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுவது மேல்.

ஷார்ஜாவுக்குக் கோவையிலிருந்து நேர்விமானம் இருக்கிறதே, அங்கிருந்து துபாய் பக்கம்தானே என்று சிலர் இரண்டு சீட்டாக எடுத்துவிடுவார்கள். தூரம் என்னவோ சொற்பம்தான். ஆனால் ஷார்ஜாவில் வெளியே வர அமீரக விசா வேண்டும், குடியேற்றச் சோதனை, பெட்டி, வாடகைக் கார், துபாயில் மறுபடி வரிசை. அந்த விசா கிடைக்கத் தகுதி இல்லாவிட்டால் கோவைக் கவுண்டரிலேயே நிறுத்திவிடலாம். 20 சொச்சம் கிலோமீட்டர், 14,000 கிலோமீட்டர் பயணத்தையே கெடுத்துவிடும்.

ஐந்தாம் படி: கடிகாரம்

இந்திய நேரத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ நேரத்துக்கும் வித்தியாசம் பன்னிரண்டரை மணி அல்லது பதின்மூன்றரை மணி. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை, மீதி நாட்களில் பதின்மூன்றரை. அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் என்றால் பழைய மின்னஞ்சலில் உள்ள நேரத்தை நம்பாமல் புதிதாகப் பாருங்கள்.

சீட்டில் அச்சாகும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல. சிங்கப்பூரில் காலை 9.15-க்கு ஏறி, அதே நாள் காலை 8.45-க்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவது சாத்தியம். நடுவில் பதினைந்தரை மணி நேரம் பறந்திருப்பீர்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்பதை 1 முதல் 7 வரை எண்களாகப் போட்டிருந்தால், 1 திங்கள், 7 ஞாயிறு.

குழப்பமே வராத ஒரே வழி, எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதிக்கொண்டு போவது. இறங்கும் இடத்தில் மட்டும் கடைசியாக ஒரு முறை மாற்றுங்கள்.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல்

கோவை விமான நிலையத்துக்குத் திருப்பூரிலிருந்து சுமார் 45 கி.மீ., பொள்ளாச்சியிலிருந்து 50, கோபியிலிருந்து 80, ஈரோட்டிலிருந்து 90, கரூரிலிருந்து 120. வெறும் சாலையில் மணிக்கு 60 கி.மீ. போகலாம்தான், ஆனால் திட்டத்துக்கு 45 என்றே போடுங்கள். முகூர்த்த நாளில் அவிநாசி ரோடு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நகரத்துக்குள்ளிருந்து வருபவர்களுக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் நேரத்தை மிச்சப்படுத்தும். ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிகள் கோல்டுவின்ஸில் அந்தப் பாலத்தில் ஏறிவிடாமல் கீழ்ச்சாலையிலேயே வந்து சிட்ரா சந்திப்பில் திரும்ப வேண்டும். புது டிரைவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஈரோட்டிலிருந்து சன்னிவேலில் இருக்கும் மகள் வீடு, ஜூன் மாதம், டெல்லி வழி, ஒரே சீட்டு. எல்லாம் இந்திய நேரம்:

செவ்வாய் மதியம் 1.45: வீட்டைவிட்டுக் கிளம்புதல்.
3.45: விமான நிலையம். வெளிநாட்டுப் பெட்டி என்பதால் கவுண்டரில் நேரமாகும், இரண்டு மணிக்கு மேல் கையில் இருக்க வேண்டும்.
மாலை 6.00: கோவையிலிருந்து விமானம்.
இரவு 9.00: டெல்லி.
புதன் அதிகாலை 3.00: அடுத்த விமானம். ஆறு மணி காத்திருப்பு.
புதன் மாலை 7.00: சான் பிரான்சிஸ்கோவில் தரை தொடுதல்.
இரவு 8.30: குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே.
இரவு 9.15: சன்னிவேல், சாலையில் 40 கி.மீ. சொச்சம்.

மொத்தம் முப்பத்தொன்றரை மணி நேரம். அதில் காற்றில் இருந்தது 19. விமானம் இறங்கிய நேரத்தை இப்போது அந்த ஊருக்கு மாற்றினால், மாலை 7.00-இலிருந்து பன்னிரண்டரை மணியைக் குறைத்துப் புதன் காலை 6.30. மகளுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அதுவும் அல்ல, வெளியே வரும் 8.00 மணி. ஆறரைக்கே வந்து நின்றால் வண்டி நிறுத்தக் கட்டணம்தான் ஏறும்.

பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் புறப்பட 48 மணி நேரம் முன்பே சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். குடியேற்றச் சோதனையில் தனி வரிசை கிடைத்தால் நேரமும் மிச்சம். பதினாறு மணி உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், ரத்தம் கட்டவும் வாய்ப்புண்டு. நடைபாதை ஓர இருக்கை வாங்கி, இரண்டு மணிக்கு ஒரு தரம் சித்த நடக்க வேண்டும்.

திரும்பி வரும்போது

போன கணக்கைத் திருப்பிப் போட்டால் சரிப்படாது. மூன்று மாற்றம். எதிர்க்காற்று அடிக்கும் பக்கமாக வந்தால் ஒரு மணி, இரண்டு மணி கூடும். தேதி ஓடிவிடும்: வெள்ளி இரவு 9 மணிக்கு அங்கே ஏறினால் நமக்கு அது சனி காலை 9.30. பதினாறு மணி பறந்து டெல்லியில் இறங்கும்போது ஞாயிறு அதிகாலை 1.30. சனிக்கிழமை என்ற ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியேயே போய்விடும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. சுங்கச் சோதனை இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் நடக்கும். பெட்டிக்குக் கோவை வரை சீட்டு ஒட்டியிருந்தாலும், டெல்லியிலோ பெங்களூரிலோ அதை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, உள்நாட்டுப் பாதுகாப்பு வரிசையில் நிற்க வேண்டும். எனவே வரும்போது நான்கு மணிக்குக் குறைந்த இணைப்பை எடுக்காதீர்கள். சிங்கப்பூர் வழியாக வந்தால் இந்தத் தொல்லை இல்லை, குடியேற்றமும் சுங்கமும் பீளமேட்டிலேயே முடியும்.

ஊரிலிருந்து அழைத்து வர வண்டி சொல்லும்போது கிழமையோடு தேதியையும் சொல்லுங்கள். "ஞாயித்துக்கெழம ராத்திரி ரெண்டு மணி" என்றால் டிரைவர் திங்கள் விடியக்காலம்தான் வந்து நிற்பார். "பதினாலாம் தேதி ஞாயிறு, பொழுது விடியறதுக்கு முந்தி ரெண்டு மணி" என்று சொல்லி, அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.